வலைக்கு வராத மீனை எண்ணுவது

ட்ரவுட், சால்மன் ஆராய்ச்சியைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மீனின் மீதுள்ள ஆசையால் வருகிறார்கள். அது நல்லதுதான், அந்த ஆசை இல்லாமல் பனி உருகிய தண்ணீரில் நாள் முழுக்க நிற்க முடியாது. ஆனால் இந்த வேலையின் கடினமான பகுதி பிடித்த மீனில் இல்லை, பிடிபடாமல் போன மீனில் இருக்கிறது. ஓர் ஓடையில் 94 மீன் பிடித்தேன் என்று சொல்ல யாராலும் முடியும். அந்த ஓடையில் மொத்தம் எத்தனை மீன் இருந்தன, அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத்தான் ஓர் உயிரியலாளர் தேவைப்படுகிறார். வலை, பொறி, கேமரா, மீனில் வைக்கும் அடையாளப் பட்டை என்று எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்கு ஒரு பிடிபடும் விகிதம் உண்டு. அந்த விகிதம் என்ன, அது எதனால் மாறுகிறது என்பதைத் தேடுவதிலேயே வாழ்க்கையின் பெரும்பகுதி போய்விடும்.

முதலில் மீன்களைப் பற்றிச் சுருக்கமாக. பசிபிக் சால்மன்கள் எல்லாம் ஆன்கோரிங்கஸ் என்ற பேரினம். அட்லாண்டிக் சால்மனும் பழுப்பு ட்ரவுட்டும் சால்மோ பேரினம். வானவில் ட்ரவுட்டை நெடுங்காலம் சால்மோவில் வைத்திருந்தார்கள், 1989-ல் ஆன்கோரிங்கஸுக்கு மாற்றினார்கள். ஆகவே பெயரில் ட்ரவுட் என்று இருந்தாலும் அது பழுப்பு ட்ரவுட்டைவிடப் பசிபிக் சால்மனுக்கே நெருங்கிய உறவு. ஒரே இனத்துக்குள் ஆற்றிலேயே தங்கிவிடுகிறவையும் கடலுக்குப் போய்த் திரும்புகிறவையும் உண்டு. வானவில் ட்ரவுட்டில் கடலுக்குப் போய்வருவதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஒரே தாயின் குஞ்சுகள் இரண்டு வழியிலும் போகலாம். அதனால் "இந்த ஆற்றில் எத்தனை?" என்று கேட்டால், எந்த வயதில், எந்த மாதத்தில், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

சின்ன ஓடையில் எண்ணும் வழக்கமான முறை எலக்ட்ரோஃபிஷிங். முதுகில் மாட்டிய மின்கலப் பெட்டி, கையில் நுனியில் வளையம் உள்ள ஒரு கோல், பின்னால் தண்ணீரில் இழுபட்டு வரும் ஒரு கம்பி. வளையம் நேர்மின்வாய், கம்பி எதிர்மின்வாய். துடிப்பாக வரும் நேர்மின்சாரத்தை இவற்றுக்கிடையே செலுத்தும்போது, தூரத்தில் இருக்கும் மீன் மிரண்டு ஓடும், கொஞ்சம் அருகில் இருப்பது வளையத்தை நோக்கித் தானாகத் திரும்பி நீந்தும், இன்னும் அருகில் வந்தால் மயங்கிக் கவிழும். அந்த நொடியில் பக்கத்தில் நிற்பவர் கைவலையில் அள்ள வேண்டும்.

எவ்வளவு மின்னழுத்தம் வைப்பது என்பதைத் தண்ணீரின் மின்கடத்துதிறன் முடிவு செய்கிறது. மழையும் பனியும் ஊட்டும் மலையோடையில் உப்பு குறைவு, கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோசீமென்ஸுக்கும் கீழே இருக்கலாம். அங்கே மின்னழுத்தத்தை ஏற்றாவிட்டால் மீனுக்கு ஒன்றும் உறைக்காது. சுண்ணாம்புப் பாறை நீரில் அதே அளவை வைத்தால் மின்னோட்டம் எகிறிவிடும். அமெரிக்காவின் தேசியக் கடல் மீன்வளச் சேவை 2000-ல் வெளியிட்ட வழிகாட்டி, 100 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே அதிகபட்சம் 1,100 வோல்ட், 100 முதல் 300 வரை 800, அதற்கு மேலே 400 என்று வரம்பு வைத்திருக்கிறது. தண்ணீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேலையை நிறுத்து என்றும் சொல்கிறது. எப்போதும் 100 வோல்ட், விநாடிக்கு 30 துடிப்பு என்று கீழிருந்து தொடங்கி, மீன் திரும்பி வரும் அளவுக்கு மட்டும் ஏற்றுவதே சரி. துடிப்பின் வேகத்தைக் கூட்டினால் பிடிப்பது சுலபமாகும், முதுகெலும்பு முறிவதும் கூடும். முறிந்த மீன் வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றும், எக்ஸ்ரேயில்தான் காயம் புலப்படும். விலாவில் கரும்பட்டை விழுந்திருந்தால் மீன் வளையத்தைத் தொட்டிருக்கிறது அல்லது அழுத்தம் மிகுந்திருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திக் குறையுங்கள்.

இதில் அளவையில் பிழை நுழையும் வாசல் ஒன்று உண்டு. தலைக்கும் வாலுக்கும் இடையே விழும் மின்னழுத்தம்தான் மீனை வீழ்த்துகிறது. நீளமான மீனில் அது அதிகம், நாலு சென்டிமீட்டர் குஞ்சில் குறைவு. அதனால் பெரியது நன்றாகப் பிடிபடும், குஞ்சு நழுவும். எல்லா அளவையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால் குஞ்சுகளின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். அந்த ஆண்டுக் குஞ்சையும் மூத்த மீனையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

ஒரே இடத்தை மூன்று முறை வாரி, பிடி குறையும் வேகத்திலிருந்து மொத்தத்தைக் கணிக்கும் முறை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஓடையில் 50 முதல் 100 மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, மேலும் கீழும் தடுப்பு வலை கட்டி, அடிக்கயிற்றின் மேல் கல் அடுக்கி இடைவெளியை மூட வேண்டும். கீழிருந்து மேலாக நடக்க வேண்டும், அப்போதுதான் கலங்கிய நீர் பின்னால் போகும். ஒரு முறை வாரியதை வாளியில் தனியே வைத்து, நீர் தெளிய அரைமணி நேரமாவது காத்திருந்து, அதே வேகத்தில், கருவி மின்சாரம் செலுத்திய விநாடிகள் ஏறக்குறைய அதே அளவு வரும்படி மறுபடி வார வேண்டும். பிறகு மூன்றாவது முறை.

60, 24, 10 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டை மட்டும் வைத்து எளிய கணக்கு போட்டால், முதல் பிடியின் வர்க்கத்தை இரண்டு பிடிகளின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும்: 3,600-ஐ 36-ஆல் வகுத்தால் 100. மூன்று பிடிகளையும் வைத்துக் கணித்தால் 101 வருகிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன, பிழை வரம்பும் குறுகலாக இருக்கும், அறிக்கையில் அழகாகத் தெரியும்.

இப்போது அந்த ஓடையில் உண்மையில் 120 மீன் இருந்தன என்று வையுங்கள். முதல் முறையில் பாதி பிடிபட்டது, 60. மிஞ்சிய 60-ல் வளையத்தின் அதிர்வை ஒருமுறை உணர்ந்து கரைக்குழிக்குள் ஒடுங்கியவை அதிகம், ஆகவே 40 சதவீதம்தான் கிடைத்தது, 24. மிஞ்சிய 36-ல் இன்னும் குறைந்து 28 சதவீதம், 10. அதே 60, 24, 10. கணக்கு 101 என்று அடித்துச் சொல்லும், கணக்கில் வராத 19 மீன்கள் வேருக்கடியில் இருக்கும். எல்லா முறையிலும் பிடிபடும் விகிதம் ஒன்றே என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. முதல் முறையில் சுலபமான மீன் வந்துவிடுகிறது, மிஞ்சுவது கடினமான மீன். எண்கள் மட்டும் இதை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இந்த முறையின் பெரிய அபாயம்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. முதல் நாள் பிடித்த 60 மீனுக்கும் துடுப்பு நுனியில் சிறு வெட்டு வைத்து அதே பகுதியில் விட்டு, தடுப்பு வலையை எடுக்காமல் மறுநாள் மறுபடி வாருங்கள். 58 கிடைத்து, அதில் 29 குறியுள்ளவை என்றால், 61-ஐ 59-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்து 1 கழிக்க வேண்டும். 119 வரும். இதற்கும் தனக்கென்று ஒரு நோய் உண்டு. நேற்று மின்சாரம் பட்ட மீன் இன்று இன்னும் ஒளிந்திருந்தால் குறியுள்ளவை குறைவாகக் கிடைக்கும், கணக்கு ஏறிவிடும். ஒரு முறை கீழே தள்ளுகிறது, மற்றது மேலே தள்ளுகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் சில முறையாவது செய்து பார்க்காத ஆய்வை நான் முழுமையாக நம்புவதில்லை.

பிடித்த மீனைக் கையாள்வதிலும் கணக்கு கெடும். இறந்த மீன் அடுத்த ஆண்டின் எண்ணிக்கையில் வராது. வாளியில் பெரிய ட்ரவுட்டையும் குஞ்சையும் ஒன்றாகப் போடாதீர்கள், அளவெடுக்கும் முன் குஞ்சு அதன் வயிற்றுக்குள் போயிருக்கும். வாளி நிழலில் இருக்கட்டும், நீரை அடிக்கடி மாற்றுங்கள். மயக்க மருந்தாக எம்எஸ்-222 எனப்படும் ட்ரைகெய்ன் லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் போதும். அது அமிலத்தன்மை உள்ளது. உப்பில்லாத மலைநீரில் தனியே கலந்தால் அமிலம் ஏறிச் செவுள் பாதிக்கப்படும். சமையல் சோடாவைச் சேர்த்துச் சமன் செய்வது கட்டாயம். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை எடுங்கள், வால் நுனிகள் தேய்ந்திருக்கும். கிராமில் எடையை 100-ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் நீளத்தின் கனத்தால் வகுத்தால் உடல்நிலைக் குறியீடு. 12 சென்டிமீட்டர், 19 கிராம் மீனுக்கு அது 1.1. தராசில் ஒட்டியிருக்கும் ஒரு கிராம் தண்ணீர் சின்ன மீனின் குறியீட்டை மாற்றிவிடும் என்பதால் ஒவ்வொரு மீனுக்கும் தராசைத் துடைத்துப் பூஜ்யமாக்க வேண்டும்.

வயதுக்குச் செதில் எடுப்பது முதுகுத்துடுப்பின் பின்முனைக்குக் கீழே, பக்கக்கோட்டுக்குச் சற்று மேலே. செதில் முதலில் முளைப்பது அந்தப் பகுதியில், ஆகவே மீனின் முழுக் கதையும் அங்கே இருக்கும். கோடையில் வளையங்கள் விலகியும் குளிரில் நெருங்கியும் விழும். கடலுக்குப் போன மீனில் அந்த ஆண்டுகளின் வளையங்கள் திடீரென்று அகலமாகும். நடுப்பகுதி வெறுமையாக இருந்தால் அது உதிர்ந்து மறுபடி முளைத்த செதில், தூக்கிப் போடுங்கள். இதனால்தான் ஒரு மீனிடம் ஐந்தாறு செதிலாவது எடுப்பது. மிகக் குளிர்ந்த ஓடைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் குளிர்காலத்துக்கு முன் செதில் முளைக்கும் அளவுக்கே சில குஞ்சுகள் வளர்ந்திருக்காது. அவற்றில் முதல் ஆண்டின் வளையமே இராது, வயதை ஒன்று குறைத்துப் படித்துவிடுவோம். இரண்டு பேர், மீனின் நீளம் தெரியாமல், தனித்தனியே படித்து ஒப்பிட வேண்டும். நீளம் தெரிந்தால் கண் அதற்கேற்ற வயதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

காதுக்குள் இருக்கும் ஓட்டோலித் என்ற சிறு கல் இன்னும் நம்பகமானது. அதில் நாள்வாரி வளையங்கள்கூடத் தெரியும். கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம். தாய் கடலில் வளர்ந்து வந்திருந்தால் குஞ்சின் கல்லின் நடுவில் அதன் தடம் இருக்கும். ஆனால் கல்லை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும், ஆகவே காரணம் வலுவாக இருக்கட்டும்.

குறியிடும் பட்டைகளில் அதிகம் பயன்படுவது பிட் டேக். மீனின் வயிற்றுக்குள் வைக்கும் 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழல், மின்கலம் கிடையாது. ஓடையின் குறுக்கே போட்ட ஆன்டெனா அதன் மேல் மீன் போகும்போது எண்ணைப் படித்துக்கொள்ளும். மின்கலம் இல்லாததால் மீனின் ஆயுள் முழுக்க வேலை செய்யும். கெடுவது எங்கே என்றால், பெண்மீன் முட்டையிடும்போது பட்டையும் சேர்ந்து வெளியே வந்துவிடுவதுண்டு. பட்டை சரளைக் கல்லுக்குள் கிடக்கும், நாம் மீன் அங்கேயே நிற்கிறது என்று எழுதிக்கொண்டிருப்போம். இரட்டைக் குறி, அதாவது பட்டையோடு ஒரு துடுப்பு வெட்டும் வைத்தால்தான் எத்தனை சதவீதம் உதிர்கிறது என்று தெரியும். ரேடியோ பட்டை உப்புநீரில் கேட்காது, முகத்துவாரம் தாண்டினால் ஒலிப்பட்டைதான்.

கடலுக்குப் புறப்படும் ஸ்மோல்ட் குஞ்சுகளை எண்ண மிதக்கும் சுழல்பொறி. நீரோட்டத்தில் கூம்பு சுழன்று, உள்ளே வந்த மீனைப் பின்பெட்டிக்குத் தள்ளும். ஆற்றின் அகலத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் அது மறைக்கிறது. ஆகவே பிடித்தவற்றில் 200-க்குக் குறியிட்டு, மேலே ஒரு கிலோமீட்டர் கொண்டுபோய் இருட்டியபின் விட வேண்டும். 16 திரும்பப் பிடிபட்டால் விகிதம் 8 சதவீதம். அந்த வாரம் 1,240 பிடித்திருந்தால் ஏறக்குறைய 15,500 போயிருக்கின்றன. ஒரு பருவம் முழுக்க ஒரே 8 சதவீதத்தை வைப்பதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. வெள்ளம் வந்தால் விகிதம் 3 சதவீதமாக விழலாம். அன்று பிடித்த 100 மீன் 1,250 அல்ல, 3,300-க்கு மேல். ஸ்மோல்ட்கள் கூட்டமாகக் கிளம்புவதும் நீர் உயரும் இரவுகளில்தான், மரக்கட்டை சிக்கிக் கூம்பு நின்றுபோவதும் அதே இரவுகளில்தான். பொறியை மூடிவிட்டுத் தூங்கிய ஓர் இரவில் அந்த ஆண்டின் பெரும்பங்கே போயிருக்கலாம். சுழற்சி எண்ணி பொருத்தி, கூம்பு எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுவது மீன் எண்ணிக்கையை எழுதுவதற்குச் சமமான வேலை.

திரும்பி வரும் பெரிய மீனுக்கு, அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடா ஆறுகளில் மிக எளிய முறை ஒன்று நடக்கிறது. இரு கரையிலும் கோபுரம், ஒவ்வொரு மணியிலும் ஒரு கரைக்கு 10 நிமிடம், இரவும் பகலும், மேலே போகும் சாக்ஐ சால்மன்களை மனிதர் கண்ணால் எண்ணி ஆறால் பெருக்குகிறார்கள். தெளிந்த நீரும் கரையோரமாக வரிசையாகப் போகும் மீனின் பழக்கமும் இருப்பதால் இது அங்கே பலிக்கிறது. கலங்கிய ஆற்றில் ஒலிக்கருவி தேவை, அதற்கோ இனம் பிரித்துச் சொல்லத் தெரியாது. முட்டைக்குழி எண்ணும் முறையில், பெண்மீன் சோதனைக்குத் தோண்டி விட்டுப்போன வெற்றுக்குழிகளும், ஒன்றின் மேல் ஒன்று தோண்டிய குழிகளும் குழப்பும். வாரம் ஒருமுறை நடந்து, ஒவ்வொன்றுக்கும் கரையில் நாடா கட்டித் தேதி எழுதாவிட்டால் ஒரே குழி மூன்று முறை எண்ணப்படும்.

இந்தப் பிழைகளெல்லாம் புலத்தோடு முடிவதில்லை. கனடாவின் வில்லியம் ரிக்கர் 1954-ல் முட்டையிடும் மீனின் எண்ணிக்கைக்கும் அதிலிருந்து வளர்ந்து வரும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாகக் கொடுத்தார். எத்தனையைப் பிடிக்கலாம், எத்தனையை விட வேண்டும் என்ற முடிவுகள் இன்றும் அப்படிப்பட்ட வளைகோடுகளில் நிற்கின்றன. முட்டையிடும் மீனை எண்ணியதில் தாறுமாறான பிழை இருந்தால் அந்த வளைகோடு ஒரு பக்கமாகத்தான் சாயும்: கொஞ்சம் மீன் இருந்தாலே கூட்டம் வேகமாக மீளும் என்று காட்டும். அதை நம்பினால் அதிகமாகப் பிடிக்க அனுமதிப்போம். ஆற்றில் அக்கறையில்லாமல் எண்ணியவர் மீனுக்குச் செய்யும் தீங்கு இதுதான்.

எண்ணிக்கை பொருந்தாமல் போவதைக் கவனிப்பதிலிருந்தே பெரிய கண்டுபிடிப்புகளும் வந்திருக்கின்றன. நியூசிலாந்தின் ஹொரோகிவி ஓடையில் கே. ஆர். ஆலன் 1951-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கிருந்த பழுப்பு ட்ரவுட்கள் தின்றதாக வந்த இரை, ஓடையின் அடியில் எண்ணப்பட்ட பூச்சிகளைப்போலப் பல மடங்கு. பூச்சிகள் ஆண்டுக்குள் எத்தனை முறை பெருகுகின்றன, சரளைக்கு அடியில் எவ்வளவு ஆழம்வரை வாழ்கின்றன, கரையிலிருந்து எத்தனை விழுகின்றன என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் தேடப்போனது அந்தப் பொருந்தாமையால்தான். சியாட்டில் பகுதி ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன்கள் முட்டையிடாமலே செத்தன. செத்த பெண்மீனின் வயிற்றை அறுத்து முட்டை அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியவர்களால்தான் அது தெரிந்தது. திரும்பி வந்தவற்றை மட்டும் எண்ணியிருந்தால் ஓடை நலமாகவே தோன்றியிருக்கும். காரணம் டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன் என்பது 2020 டிசம்பரில் வெளியானது. அதே நீரில் சம் என்ற இன்னோர் இனச் சால்மன்கள் பிழைத்துக்கொள்கின்றன.

தொழிலுக்குத் தயாராகிறவர்களுக்கு: உயிரியலோடு புள்ளியியலை அதே அளவு படியுங்கள். மேலே சொன்ன 120 மீன் கணக்கை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதி, விகிதத்தை மாற்றி மாற்றி ஆயிரம் முறை ஓட்டிப்பாருங்கள், எந்தப் பாடநூலையும்விட அது நன்றாகக் கற்றுத்தரும். முதல் சில ஆண்டுகள் பருவகால உதவியாளர் வேலைதான் கிடைக்கும், ஊதியம் குறைவு, ஆனால் வளையக்கோலைப் பிடிக்கக் கற்பது அங்கேதான். முதலுதவிப் பயிற்சி, ரப்பர் கையுறை, ஒழுகாத நீர்க்காலாடை, கையை விட்டால் மின்சாரம் நின்றுவிடும் சுவிட்ச் ஆகியவை இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள், தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் வலையையும் காலணியையும் கழுவி, கிருமிநீக்கி, முழுக்க உலர்த்துங்கள். 1970-களில் நார்வேக்குள் வந்த கைரோடாக்டைலஸ் ஒட்டுண்ணியை அழிக்க அங்கே முழு ஆறுகளுக்கே ரோட்டினோன் நஞ்சு ஊற்ற வேண்டியிருந்தது.

புலத்தாளைப் பென்சிலில், நனையாத காகிதத்தில் எழுதுங்கள். தேதி, நீளம், சராசரி அகலம், வெப்பநிலை, கடத்துதிறன், வோல்ட், துடிப்பு, ஒவ்வொரு முறைக்கும் விநாடிகள், கைவலை பிடித்தவர் யார் என்பது வரை. மீன் ஒன்றும் கிடைக்காவிட்டால் 0 என்று எழுதுங்கள், கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். இருபது ஆண்டு கழித்துப் படிக்கிறவருக்கு வெறுமை என்றால் அன்று வாரவில்லை என்றுதான் தெரியும், மீன் இல்லாத ஆண்டு கணக்கிலிருந்தே மறைந்துவிடும். புதிய கருவி வாங்கினால் பழையதை உடனே ஒதுக்காதீர்கள். இரண்டையும் மூன்று நான்கு பருவமாவது ஒரே இடங்களில் ஓட்டி, இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை எழுதி வைத்தபின் மாறுங்கள். நீண்டகாலத் தரவுகள் பலவற்றில் மீன் குறைந்ததாகவோ கூடியதாகவோ தெரியும் இடத்தில் உண்மையில் நடந்தது ஒரு கருவி மாற்றம்தான்.